செல்லையா என்றால் என்ன?

போன மாதம் எங்கள் பழைய பட்டாசுக் கம்பெனியிலிருந்து கிளார்க் போன் பண்ணினார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடக்கிறது, பழைய போர்மேன் என்ற முறையில் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார். நான் ஓய்வு பெற்று ஒரு வருசம்கூட ஆகவில்லை. வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளில்லாமல் தண்ணீர் மோட்டாரிடம் பேசிக்கொண்டிருந்த நேரம். கிளார்க் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன்.

நாரணாபுரம் தாண்டிப் பஸ்ஸில் இறங்கி, கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் புதுப் பையன். நோட்டில் பெயர் எழுதச் சொன்னான். எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, "வெளாடாதீக சார். உண்மையான பேரை எழுதுங்க" என்றான்.

அதற்கான காரணம் எனக்குத் தெரியும். ஆதார் அட்டையைக் காட்டி உள்ளே போனேன்.

வகுப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. முப்பது பேர் இருக்கும். நடத்தியவர் சுதா என்ற பெண், வேதியியல் படித்துவிட்டுப் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். என்னை அவருக்கு அடையாளம் தெரியாது. ஓசைப்படாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பார்த்தால் பேக்கிங் பிரிவு பாக்கியம். என் காலத்து ஆள், இன்னும் வேலையில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏன் சிரிக்கிறார் என்று பலகையைப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது:

'செல்லையா வேலைகள்: செய்யவே கூடாதவை.'

என் பெயர் செல்லையா. எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல், நாலாவதாக நான் தங்கியதால், அப்பா ஆசையாக வைத்த பெயர்.

இந்த விசயத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் கம்பெனியில், பிறகு எங்கள் சுற்றுவட்டாரத்தில், நன்றாக இருப்பதைக் கெடுக்கிறவனுக்கு 'செல்லையா' என்று பெயர். சரக்கைக் கொட்டினால் செல்லையா. அச்சாபீசில் ஒரு கட்டுத் தாளைப் பாழாக்கினால் செல்லையா. கூட ஓடுகிறவனை ரன் அவுட் ஆக்குகிறவன் செல்லையா. அதற்கு வினைச்சொல் உண்டு: செல்லையா பண்ணிட்டான். குணப்பெயர் உண்டு: செல்லையாத்தனம். ஒரு தடவை சாத்தூர் பஸ்ஸில் முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரு கல்யாணத்தைக் கலைத்துவிட்ட சித்தப்பாவைப் பற்றி, "அந்தாளு சரியான செல்லையாடே" என்று பேசிக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

முன்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "மேடம், செல்லையான்னா யாரு?"

சுதா யோசித்தார். அதற்குள் இன்னொருவன் பதில் சொன்னான். "அவன் ஒரு பழைய வேலைக்காரன் மேடம். மொதலாளிகூடச் சண்டை போட்டு, ரூமுக்குள்ள பீடியப் பத்த வெச்சுப் போட்டுட்டு அச்சங்குளத்துக்கு ஓடிட்டானாம். எங்க மாமா சொன்னாரு."

அச்சங்குளம் என் மாமனார் ஊர். ஓடியிருந்தால் அங்கேதான் ஓடியிருப்பேன். அதுவரை தகவல் சரி.

"அப்படியெல்லாம் ஆளே கெடையாது" என்றாள் ஒரு பெண். "அது பழைய காலத்துச் சொல்லு. அழிக்கிறவன்னு அர்த்தம்."

"ரெண்டாவதுதான் சரியா இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார் சுதா.

பாக்கியம் என் விலாவில் இடித்தார். "எந்திரிங்க அண்ணாச்சி. அழிக்கிறவரு எந்திரிங்க."

எழுந்து போனேன். அங்கே நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விருதுநகரில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, வேறு எதுவும் சரியாக அமையாமல் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். முதல் ஐந்து வருசத்தை ஐந்து வரியில் சொல்லிவிடலாம். குழாய் சுற்றினேன். லோடு ஏற்றினேன். காயப்போட்ட சரக்குக்குக் காவல் இருந்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது என்று ரிஜிஸ்டர் எழுத வைத்தார்கள். பிறகு தவமணி அண்ணாச்சிக்கு உதவி போர்மேனாகப் போட்டார்கள்.

தவமணி அண்ணாச்சி எங்கள் போர்மேன். அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. வெறுங்கால், பருத்தி வேட்டி, பருத்திச் சட்டை. உடம்பில் நைலான் நூல்கூட இருக்காது. ஒரு ரூமுக்குள் நுழைவதற்கு முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைப்பார், உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக. நாங்களும் வைப்போம், பஸ்ஸில் கம்பியைத் தொடுகிற மாதிரி. அவர் வைத்த கையை எடுக்காமல் கண்ணை மூடி மூச்சை இழுப்பார். பிறகுதான் உள்ளே காலடி. உள்ளே போனதும் பேச மாட்டார். முதலில் கைகளைப் பார்ப்பார், அப்புறம் தரையை, அப்புறம்தான் முகத்தை. "சாப்பிட்டீகளா தாயி" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். சீசன் நேரத்தில் முதலாளியே வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து 'சீக்கிரம்' என்ற சொல் வராது.

இன்னொரு சொல்லும் வராது. எங்கள் காம்பவுண்டுக்குள் 'தீ' என்று யாரும் சொல்ல மாட்டோம். 'நெருப்பு' என்றும் சொல்ல மாட்டோம். 'அது' என்போம். சாமி குத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேட்டேன்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்லலே" என்றார் அவர். "அந்தப் பேரச் சொல்லிக் கத்துனா ஆளுக ஓடும். ஓடுற காலு தட்டுல இடிக்கும். தட்டு இடிச்சா இல்லாத 'அது'வும் வந்துரும். ஆளுகள மெதுவாத்தான் வெளியே கொண்டாரணும்."

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த இன்னொரு பாடம் வாடை. கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள்ளேயே சூடேற ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "மூத்திர வாடை அடிக்கும். அடிச்சா ஆளுகள வெளியேத்து. அதுக்கப்புறமும் நேரம் இருந்தா, தண்ணிய மொத்தமா ஊத்தி முக்கிரு. கொஞ்சமா ஊத்தாத. கொஞ்சத் தண்ணிதான் அதுக்குத் தீனி."

உதவி போர்மேனாகி இரண்டாவது வாரம். பதினாலாம் நம்பர் ரூம். நான்கு பெண்கள் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் செம்புத் தகட்டில் கை வைத்து, அண்ணாச்சி மாதிரியே கண்ணை மூடி மூச்சை இழுத்தேன். அடித்தது பாருங்கள் வாடை, மண்டைக்கு ஏறுகிற மாதிரி.

பாடத்தில் முதல் பாதி மறந்துவிட்டது, இரண்டாம் பாதி நினைவிருந்தது. ஆளை வெளியேற்றாமல் தண்ணீரை ஊற்றிவிட்டேன். வாசலில் இருந்த அத்தனை வாளியும். சரக்கு மேல், தட்டு மேல், நான்கு பெண்கள் மேல். காலையிலிருந்து அவர்கள் அடைத்த அத்தனை பூச்சட்டியும் கூழாகிவிட்டது. ஈரத்தில் அலுமினியப் பவுடர் ஒட்டிக்கொண்டு, நான்கு பேரும் தலைமுதல் கால்வரை கண்காட்சியில் வைத்த வெள்ளிப் பொம்மை மாதிரி வெளியே வந்தார்கள். முதல் பொம்மை பாக்கியம். அவர் அன்றைக்குப் பேசிய சொற்களை இங்கே எழுத முடியாது.

தவமணி அண்ணாச்சி வந்தார். வாசலில் நின்று மூச்சை இழுத்தார். தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. பிறகு அவர் மெதுவாக ரூமின் பின்பக்கம் நடந்து போனார். நானும் போனேன்.

பின் ஜன்னலுக்குக் கீழே, நிழலில், ஒரு வெள்ளாட்டுக் கிடா படுத்திருந்தது. படுத்த இடமெல்லாம் நனைத்து வைத்திருந்தது. எங்களைப் பார்த்து அசை போட்டது.

அண்ணாச்சி ஆட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருவரில் யார் பரவாயில்லை என்று யோசித்த மாதிரி இருந்தது.

"ஏலே செல்லையா, மூக்கு சரியாத்தான் வேல பாக்குது" என்றார். "அடுத்தவாட்டி சுவத்துக்கு அந்தப் பக்கமும் போய்ப் பாத்துக்கோ."

முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பத் தயாராக இருந்தார். "மூக்கு இருக்குற ஆளு லேசுல கெடைக்காது மொதலாளி. மூளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று அண்ணாச்சிதான் தடுத்தார்.

மறுநாள் பேக்கிங்கில் ஒரு பெண் அடுக்கி வைத்த பெட்டிகளைத் தட்டிவிட்டாள். எல்லாம் சரிந்து விழுந்தன. பாக்கியம் அங்கிருந்து குரல் கொடுத்தார்: "இந்தா பாருங்கடி, செல்லையா பண்ணிட்டா!"

அன்றைக்குத்தான் அந்தச் சொல் பிறந்தது. பெற்றவள் பாக்கியம், அப்பன் நான், மருத்துவச்சி ஆடு.

ஒரே மாதத்தில் அது கம்பெனி முழுக்கப் பரவியது. ஒரே வருசத்தில் காம்பவுண்டைத் தாண்டியது. எனக்குப் பெண் பார்க்க அச்சங்குளம் போனபோது, மாமனார் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "மாப்பிள்ளை பேரு செல்லையாவா? அந்தச் செல்லையாவா, வேற செல்லையாவா?" வேறு செல்லையா என்று சொல்லித்தான் கல்யாணம் முடித்தேன். அந்தப் பொய் வெளியே வந்த அன்று என் மனைவி சொன்னது: "பாத்தீகளா, நம்ம வாழ்க்கையும் செல்லையா ஆயிருச்சு."

சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. போர்மேன் வேலை பேச்சுக்கு மரியாதை இருந்தால்தான் நடக்கும். 'வெளியே வாங்க' என்றால் மறுபேச்சில்லாமல் வர வேண்டும். நான் ஒரு ரூம் வாசலில் நின்றாலே உள்ளே "ம்மே" என்று சத்தம் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள் என்று எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றேன். என் பெயரைச் சொல்லாமல் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான்.

மூன்று வருசம் கழித்து, தீபாவளி சீசன். இரண்டு நாளாகத் தூறல், காற்றில் ஈரம். மறுபடியும் அதே பதினாலாம் நம்பர் ரூம். பாக்கியமும் இன்னும் மூன்று பேரும். அன்று சாயங்காலம் பாக்கியத்தின் தங்கைக்கு வளைகாப்பு. நேராக வளைகாப்புக்குப் போவதற்காக நான்கு பேரும் புதுப் பருத்திச் சேலை கட்டி, அதற்குமேல் கம்பெனி கோட்டைப் போட்டிருந்தார்கள்.

நான் வாசலில் கை வைத்து மூச்சை இழுத்தேன். வாடை.

இந்த முறை சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். ஆடு இல்லை. அந்தக் கூத்துக்குப் பிறகு வேலி போட்டிருந்தார்கள், ஆடு வர வழியே இல்லை. திரும்பி வந்து உள்ளே போய் ஒவ்வொரு தட்டாகப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வாசல் பக்க மூலையில், தாள் போட்டு மூடிய ஒரு தட்டு. புதிதாகப் போட்ட டீ டம்ளர் மாதிரி சுட்டது.

பிறகுதான் விசயம் தெரிந்தது. கலந்த மருந்து மிச்சமிருந்தால் அன்றைக்கே அழித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. அதை வீணாக்க மனசில்லாமல் கலவைக்காரர் முந்தின நாள் மிச்சத்தை மூடி வைத்துவிட்டார். ஒரு பருக்கையைக்கூடக் கீழே சிந்தாத, நல்ல மனுசர் அவர்.

"தாயி, எல்லாரும் அப்படியே வெளியே வாங்க" என்றேன், அண்ணாச்சி சொல்கிற அதே மெதுவான குரலில்.

பாக்கியம் நிமிரவே இல்லை. "என்ன அண்ணாச்சி, ஆடு வந்துருச்சா?"

"கெடாவா, பெட்டையா?" என்றாள் இன்னொருத்தி. நான்கு பேரும் சிரித்தார்கள்.

"வெளாட்டு இல்ல தாயி. வாங்க."

"இந்தத் தட்ட முடிச்சிட்டு வாரோம். இன்னைக்கு நேரத்தோட போகணும்லா."

இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறையும் சொன்னேன். அவர்கள் கை அடைத்துக்கொண்டே இருந்தது. 'அது'வின் பேரைச் சொல்லிக் கத்தலாம். கத்தினால் நான்கு பேரும் பாய்வார்கள். வாசலுக்கு வர அந்த மூலைத் தட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு முழங்கால் இடித்தால் போதும். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்தாலும் அதே கதைதான். மெதுவாகச் சொன்னால் சிரிக்கிறார்கள். என் பேச்சுக்கு மதிப்பில்லை. அந்த மதிப்பைத் தின்றது என் பெயர்.

வாசலுக்கு வந்து ஒரு வாளியைத் தூக்கினேன். கொஞ்சத்தை வெளிப்படியில் சளாரென்று ஊற்றினேன். வாளியைத் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக என் வாயால் அந்தச் சொல்லைச் சொன்னேன்:

"இந்தா, செல்லையா பண்ணப் போறேன்!"

"ஐயோ, சேல! சேல!"

நான்கு பேரும் எழுந்தார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் வாய் என்னைத் திட்டியது, முகம் சிரித்தது, ஆனால் கையில் இருந்த பூச்சட்டியைப் பூப் போலக் கீழே வைத்துவிட்டுத்தான் எழுந்தார்கள். எங்கள் பெண்கள் எவ்வளவு சிரித்தாலும் கை மட்டும் சிரிக்காது. தட்டில் சேலை படாமல் இரண்டு கையாலும் தூக்கிச் சொருகிக்கொண்டு, மூலையை ஒதுங்கி, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வெளியே வந்த பிறகுதான் ஓடினார்கள். நான் வாளியோடு விரட்டினேன். வாகை மரம் வரைக்கும் விரட்டினேன். பாக்கியத்தின் முந்தானையில் கொஞ்சம் தண்ணீர் பட்டுவிட்டது.

திரும்பி ரூமைப் பார்த்து நடந்தேன், மருந்தை முக்கிவிடலாம் என்று. பின்னாலிருந்து சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. தவமணி அண்ணாச்சி. தூரத்திலிருந்து நான் மூச்சை இழுத்ததையும் பின்பக்கம் போய் வந்ததையும் பார்த்திருக்கிறார். பக்கத்து ரூம் ஆட்களை ஏற்கெனவே கை காட்டி இறக்கிவிட்டிருந்தார்.

"நாலு பேரா?"

"நாலு பேரும் வந்தாச்சு அண்ணாச்சி."

"அப்ப ரூமை விட்ருலே."

அவர் கை காலரில் இருக்கும்போதே பதினாலாம் நம்பர் வெள்ளை வெளேரென்று ஆனது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. கூரைத் தகடுகள் மேலே போயின. எங்கள் ரூம்களின் சுவர் கனமாகவும் கூரை லேசாகவும் இருப்பதே அதற்காகத்தான். சுவர் நின்றது. வாகை மரத்தில் ஒரு பக்கத்து இலை மட்டும் சுருண்டது.

என் கையில் அந்த வாளி அப்படியே இருந்தது, பாதித் தண்ணீரோடு. பாக்கியம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி, அந்தத் தண்ணியில ஒரு வாய் குடுங்க" என்றார். வாளியைச் சாய்த்து அவர் உள்ளங்கையில் ஊற்றினேன். மற்ற மூவருக்கும் ஊற்றினேன். பிறகு நான் குடித்தேன்.

சாயங்காலம் வளைகாப்பு நடந்தது. அந்த நான்கு பேரும் போனார்கள். எனக்கும் ஒரு தூக்குச்சட்டியில் ஐந்து வகைச் சோறு வந்தது.

பின்னாளில் நான் போர்மேன் ஆனேன். தினமும் வேலை முடிகிற நேரத்தில் ஒவ்வொரு ரூமாகப் போவேன். மிச்ச மருந்து ஒரு கரண்டி இருந்தாலும் எடுத்து, என் கண் முன்னால் அழித்த பிறகுதான் பூட்டு. "தங்கமான மருந்து அண்ணாச்சி, நாளைக்கு ஆகும்" என்பார்கள். மிச்சத்தைச் சேர்த்து வைத்த மனுசரையும் நான் பார்த்திருக்கிறேன், அழித்த மனுசனாகவும் இருந்திருக்கிறேன். அழித்துவிடுவேன். ஆளுக்கு ஒரு தொழில் பெருமை இருக்கும். கொத்தனார் கட்டியதைக் காட்டுவார், தச்சர் செய்ததைக் காட்டுவார். எனக்குக் காட்ட ஒன்றுமில்லை. நான் போர்மேனாக இருந்த வருசங்களில் எந்த ரூமுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை எப்படிக் காட்டுவது? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இதைச் சொல்கிறேன். நிமிர்த்தும்போது வயிறும் கூடவே வருகிறது, அது வேறு விசயம்.

அந்தச் சொல் மட்டும் மாறவில்லை. பாக்கியம் உட்பட எல்லோரும் பழையபடியே திட்டினார்கள். நானும் மல்லுக்கு நிற்பதை விட்டுவிட்டேன்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது பீடிக் கதை சொன்ன பையன் மேஜைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். சுதாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சார், எனக்குத் தெரியாது சார். மன்னிச்சிருங்க. இப்பவே அழிச்சிர்றேன்" என்று டஸ்டரை எடுத்துப் பலகைப் பக்கம் திரும்பினார்.

"அழிக்காதீக மேடம்" என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை.

சுதா டஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முன்வரிசைப் பையன் மறுபடியும் கையைத் தூக்கினான். "அப்ப செல்லையா வேலை செய்யணுமா சார், செய்யக் கூடாதா?"

நான் பதில் யோசிப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது.

"வாடை அடிச்சா செய்யி ராசா. அதுக்கு முன்னாடி சுவத்துக்கு அந்தப் பக்கம் போய் ஆடு கெடக்கான்னு பாத்துக்கோ."

சுதா டஸ்டரை வைத்துவிட்டு, பாக்கியம் சொன்னதைத் தலைப்புக்குக் கீழே முதல் வரியாக எழுதினார்.